நீலம் என்று எழுதுக

பொன்னுக்கு மஞ்சள்தான் நிறம் என்று நம்பி வாழ்ந்த நாட்டில், பொன்னுக்குச் சிவப்பும் உண்டு, நீலமும் உண்டு என்று ஒருநாள் சட்டம் போட்டுச் சொன்னார்கள். சிவப்பு நின்றால் நீ உழைக்கலாம். நீலம் வந்தால் நீ ஓயலாம். ஓயலாம் என்பது சட்டத்தின் நாகரிகம். பட்டினி கிடக்கலாம் என்பதுதான் அதன் பச்சைத் தமிழ்.

பாலாற்றங்கரை மணற்பேட்டையில், தகுதிச் சோதனை நிலையத்தின் மேசையருகே, அன்று காலை பதினொரு மணிக்கு, கயற்கொடி ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சுண்டுவிரல் உயரமே உள்ள கண்ணாடிக் குப்பி. அதனுள் மாதுளைச் சாறு போலச் சிவந்து நின்ற பொன்நீர், அவள் கண்ணெதிரே ஊதாவாகி, ஊதாவும் இருண்டு, கார்மேக நீலமாயிற்று. குப்பியின் எண் 4417. எண்ணுக்கு உரியவள் தேசம்மாள். வயது நாற்பத்திரண்டு. தோல் பதனிடும் ஆலையில் இருபத்துநான்கு ஆண்டுகள் உழைத்தவள். கயற்கொடியின் உடன்பிறந்த அக்காள். தங்கையைப் பட்டம் வரை படிக்க வைத்தவளும் அவளே.

ஆறு ஆண்டுகளாக எத்தனையோ பேருக்கு நீலம் எழுதிய கைதான் அது. அன்று அது தன் அக்காளின் பெயருக்கு நேரே நீலம் என்று எழுதிற்று.

நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை, மேற்கையின் பின்புறத்திலிருந்து அரிசிமணி அளவு தோலைக் கொடுக்க வேண்டும் என்பது உழைப்புத் தகுதிச் சட்டம். கூலிக்காரருக்கும் அதுதான், குளிர்சாதன அறையில் அமர்ந்திருக்கும் அதிகாரிக்கும் அதுதான். எழுதிய நீலத்துக்கு மறுசோதனை கிடையாது. மாதக் கடைசி நாளில் உழைப்பு அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும். அதன்பின் அவர்களை வேலைக்கு வைப்பவருக்குச் சிறை. தேசம்மாளுக்கு அந்தக் கடைசி நாள் வர இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

நண்பகலில் தேசம்மாள் வந்தாள். நிலையத்துத் தாழ்வாரக் குழாயில் கைகுவித்துத் தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தாள்.

"ஒங்க தண்ணி இன்னாமா இனிக்குது கயலு. நம்ம காலனி போர்ல ஒரு வாய் குடிச்சா தொண்டையே கரிக்குது. சரி, மூஞ்சி ஏன் இப்டி கெடக்குது? நீலமா?"

கயற்கொடி தலையை மட்டும் அசைத்தாள்.

தேசம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட அவள் அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"காலையிலதான் ஊறின எருமத்தோலு முப்பது தூக்கிப் போட்டுட்டு வர்றேன். அந்தத் தோலுங்கள டெஸ்டு பண்ணீங்களா, என்னியப் பண்ணீங்களா?"

"உன்னதாங்க்கா."

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. இம்மாம் படிப்பு படிச்சியே."

கயற்கொடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பொன்நீர்னா கண்ணுக்குத் தெரியாத தங்கப் பொடி மெதக்குற தண்ணி. கூட்டத்துல ஆளாளுக்கு முழங்கைய நீட்டிகினு, கிட்ட வராதன்னு நிக்கிறாங்கல்ல, அந்த மாதிரி நிக்கும். தள்ளித் தள்ளி நிக்கிற வரைக்கும் செவப்பு. அதுல ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணி விட்டா முழங்கையெல்லாம் மடங்கிப்பூடும். ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிகினு கட்டிகினு நீலமாயிடும்."

"இதுல என் தோலு எங்க வருது?"

"தோல்ல கொலாஜன்னு ஒண்ணு இருக்குது. தோலத் தோலாக் கட்டி வெச்சிருக்கிறதே அதுதான். அது நல்லா இருந்தா, ஒவ்வொரு தங்கத் துகளுக்கும் போர்வ மாதிரி சுத்திக்கும். அப்புறம் உப்பு விட்டாலும் ஒட்டாது, செவப்பு நிக்கும். தேஞ்சுபோயிருந்தா போர்வ பத்தாது. நீலம்."

"அப்போ என் போர்வ கிழிஞ்சுபோச்சு."

"குப்பி அப்படித்தான் சொல்லுது."

"குப்பி சொல்லுது. நீ இன்னா சொல்ற?"

கேட்டுவிட்டுத் தேசம்மாள் தாழ்வாரத் திண்ணையில் உட்கார்ந்தாள்.

"தோலே தரமாட்டேன்னு சொல்லியிருக்கலாம் போல" என்றாள் தேசம்மாள்.

"அதுக்கும் விதி இருக்குதுக்கா. 'மறுப்பவர் பெயருக்கு நேரே நீலம் என்று எழுதுக.' சோதன நாளன்னிக்கு ஒரு மணிக்குள்ள குடுக்கலன்னா மறுத்ததா அர்த்தம்."

"குடுத்தாலும் நீலம், குடுக்கலன்னாலும் நீலம். நல்லா எழுதினானுங்க." தேசம்மாள் எழுந்தாள். "உப்பு போட்டாத்தான் தோலு கெடாதுன்னு எங்க ஷெட்டுல மூட்ட மூட்டையா கொட்டுறாங்க. நீங்க ஒரு சொட்டு உப்ப விட்டு ஆளையே கெடுக்கிறீங்க."

படியிறங்கிப் போனாள். அவள் நடையில் தேய்வு இல்லை, தளர்வு இல்லை. இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனாள்.

குப்பி சொல்லுது. நீ இன்னா சொல்ற? அந்தக் கேள்வி கயற்கொடியை விட்டு அகலவில்லை. மறுநாள் பதிவேடுகளைப் பிரித்தாள். நிலையத்தில் இரண்டு வகைக் குப்பிகள் இருந்தன. ஊருக்குள்ளிருந்து நிலையத்துக்கு வந்து தோல் கொடுப்பவர்களுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய குப்பி. கிழக்கே, ஆற்றோரத்துக் காலனியில் முகாம் போட்டு எடுப்பதற்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய குப்பி. பச்சையில் நூற்றுக்கு ஆறு பேர் நீலம். மஞ்சளில் நூற்றுக்கு எண்பது பேர்.

ஆலைவேலை ஆளைத் தேய்க்கும் என்பது ஆண்டறிக்கையில் எழுதி வைத்திருந்த காரணம். கேட்பதற்குக் கருணையாகத்தான் இருந்தது. ஆனால் காலனியின் தபால்காரர் ஆலைக்குள் காலெடுத்து வைத்தவரல்லர், அவருக்கு நீலம். தையற்காரிக்கு நீலம். பள்ளி ஆசிரியைக்கும் நீலம். ஊருக்குள் குடியிருந்துகொண்டு, தேசம்மாளோடு ஒரே ஷெட்டில், ஒரே சுண்ணாம்புத் தொட்டியில் இருபது ஆண்டு கையை விட்டவர்களுக்கோ சிவப்பு. வேலை தேய்க்கவில்லை, வயது தேய்க்கவில்லை, தெரு தேய்த்திருக்கிறது. தெருவின் பெயரைக் கேட்டு நிறம் மாறும் தங்கம் உலகில் எங்கேனும் உண்டா?

அன்றிலிருந்து அவள் யாரையும் நம்பவில்லை. சந்தேகம் கரையானைப் போன்றது. ஒரு சுவரில் ஏறினால் வீடு முழுவதையும் தட்டிப் பார்க்கவைக்கும். உப்புச்சொட்டுப் புட்டியைச் சந்தேகித்தாள். இரண்டு வகைக்கும் ஒரே புட்டி, ஒரே அளவு. நிறம் அளக்கும் கருவியைச் சந்தேகித்தாள். கருவிக்கு முன்பே கண்ணுக்கு நீலம் தெரிகிறதே. நிலையத் தலைவர் டாக்டர் கோவர்த்தனனைச் சந்தேகித்தாள். பத்து நாள் கூர்ந்து கவனித்ததில் அவரைப்பற்றி ஒன்றே ஒன்று புலப்பட்டது: பச்சைக் குப்பியைக் கையிலெடுத்துப் பார்ப்பார், மஞ்சள் குப்பியை மேசைமேல் வைக்கச் சொல்லி, குனிந்து பார்ப்பார். குப்பிகளைச் சுமந்து வரும் உதவியாள் ஏகாம்பரத்தைச் சந்தேகித்தாள். ஐம்பத்தைந்து வயதில், பேசினால் நிறுத்தாத மனிதர் அவர். யாரோ கொடுத்துவிடும் மருந்தைக் குப்பியில் தடவுகிறாரோ?

ஒரு பகலுணவு வேளை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கயற்கொடி தன் மேற்கையை மரக்கவைத்து, அரிசிமணி அளவு தோலைத் தானே எடுத்தாள். முறைப்படி அமிலத்தில் கரைத்தாள். கரைசலைச் சரிபாதியாகப் பிரித்துப் பச்சைக் குப்பியில் பாதி, மஞ்சள் குப்பியில் பாதி விட்டாள். ஒரே பொன்நீர். ஒரே உப்புச்சொட்டு.

பச்சையில் சிவப்பு நின்றது. மஞ்சளில் நீலம் படர்ந்தது.

முப்பத்தாறு வயது உடம்பு ஒன்று, இரண்டு குப்பிகளில் இரண்டு தீர்ப்புப் பெற்றது. அவள் இன்னொரு மஞ்சள் குப்பியை எடுத்தாள். தோல் விடவில்லை, உப்பும் விடவில்லை, வெறும் பொன்நீரை மட்டும் ஊற்றினாள். அதுவும் மெல்லமெல்ல ஊதாவாயிற்று. குற்றவாளியே கூண்டில் இல்லை, தீர்ப்பு மட்டும் தயாராக இருந்தது.

மூன்றாவதாக ஒரு மஞ்சள் குப்பி. கழுவிக் காய்ந்து, பளபளவென்று, வெறுமையாக இருந்தது. அதன் உள்விளிம்பில் விரலைத் தேய்த்து, விரல்நுனியை நாக்கில் வைத்தாள். சோதனைக்கூடத்தில் எவரும் செய்யக்கூடாத செயல். ஆனால் அந்த நாக்குக்கு அந்தச் சுவை தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். ஆலைக்கழிவு மூன்று தலைமுறையாக மண்ணுக்குள் இறங்கி, சோற்றை மஞ்சளாக்கி, பருப்பை வேகவிடாமல் செய்யும் காலனித் தண்ணீரின் கரிப்பு அது.

ஏகாம்பரம் வெற்றிலை மென்றபடி திரும்பி வந்தார்.

"ஏகாம்பரண்ணே, மஞ்சக் குப்பிய எங்க கழுவுறீங்க?"

"காலனியிலதான். போர் தொட்டிக்கிட்ட."

"பச்சைய?"

"இங்க. பேட்டரிக்கு ஊத்துற வடிச்ச தண்ணியில."

"ரெண்டையும் இங்கயே கழுவினா இன்னா?"

ஏகாம்பரம் வேடிக்கையாகப் பார்த்தார். "அங்கத்தி குப்பிய இங்க கொண்டாந்து கழுவ முடியுமாம்மா? அங்க எடுத்தத அங்கயே கழுவி, வெயில்ல காயவெச்சுத்தான் தூக்கியாரணும்."

"யாரு அப்டி சொன்னது? டாக்டரா?"

"அவுரு எங்க சொன்னாரு. யாரும் சொல்லலியே. நான் வேலைக்கு வந்தப்பவே அப்டித்தான் இருந்துச்சு." வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "நீகூடத்தான் வந்த நாள்லேர்ந்து மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டிகினு கெடக்குற. ஒன்ன யாரும்மா ஒட்டச் சொன்னாங்க?"

கயற்கொடி மேசையைப் பார்த்தாள். ஸ்டிக்கர் சுருள் அங்கேதான் இருந்தது, அவள் வலக்கைக்கு எட்டும் தூரத்தில். யாரும் ஒட்டச் சொல்லவில்லை. முதல் நாள் வந்தபோது சுருள் மேசையில் இருந்தது, முந்தைய குப்பிகளில் ஒட்டியிருந்தது, அவளும் ஒட்டினாள். தன் தெருவின் பெயருக்கு, தன் அக்காளின் எண்ணுக்கு, தன் கையாலேயே. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்திருந்த காலத்தைப் பாடத்தில் படித்து, அது ஒழிந்தது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவள் அவள். குவளை ஒழியவில்லை. குறுகி, குப்பியாகி, அவள் மேசைமேல் நின்றது. சதிகாரனைத் தேடிப் பத்து நாள் அலைந்தவள் கண்டது சதியை அன்று, வழக்கத்தை. சதிக்காவது ஒரு தலைவன் வேண்டும், ஒரு திட்டம் வேண்டும். வழக்கத்துக்கு ஒன்றும் வேண்டாம், குனிந்த தலைகளே போதும்.

பொன்நீர் ஊற்றிய மூன்று குப்பிகளையும் எடுத்துக்கொண்டு டாக்டர் கோவர்த்தனனின் அறைக்குள் போனாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். குப்பிகளைத் தொடாமல், குனிந்து பார்த்தார்.

"அருமையான வேலை பண்ணியிருக்கீங்க, கயற்கொடி. கழுவின தண்ணியோட உப்பு கண்ணாடியில படிஞ்சிருக்கு. நாம விடுற சொட்டோட அதுவும் சேர்ந்தா, எவ்வளவு நல்ல கொலாஜனும் தாங்காது. இதை யாரும் கவனிக்கல பாருங்க. ஆனா ஒண்ணு, இது சதி கிதின்னு வெளியில பேச்சாயிடக் கூடாது. வெறும் தண்ணி."

"தண்ணிதான் சார். யாரோட தண்ணின்னு பாக்கணும்ல."

"நாளைக்கே உத்தரவு போடுறேன். மஞ்சளுக்கும் இனிமே காய்ச்சி வடிச்ச தண்ணிதான். பச்சையும் மஞ்சளும் சமத் தூய்மை உடையவைன்னு கையெழுத்துப் போட்டே அனுப்புறேன். போதுமா?"

"அப்போ ஏற்கெனவே நீலம் எழுதினவங்க? எங்கக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதின நீலத்தை மாத்த சட்டத்துல வழி இல்லைங்க. ஒருத்தருக்குத் திறந்தா ஊருக்கே திறக்கணும். எனக்கு வருத்தந்தான்."

"வழி இல்லையா சார், இல்ல யாரும் தேடலையா?"

"எனக்கே நீலம் வந்தாலும் இதே விதிதான், கயற்கொடி."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் குரலில் வஞ்சம் இல்லை, உண்மையான வருத்தமே இருந்தது. அதுதான் அவளை அச்சுறுத்தியது.

உத்தரவு வந்தது. இரண்டு நாளில் தண்ணீரும் வந்தது. இருபது லிட்டர்க் கேன்கள் இரண்டு, தாழ்வாரத்தில் அருகருகே நின்றன. ஒரே ஆலையின் முத்திரை, ஒரே தேதி. ஒன்றின் கழுத்தில் பச்சை ஸ்டிக்கர். மற்றதன் கழுத்தில் மஞ்சள்.

கயற்கொடி ஏகாம்பரத்தை அழைத்தாள்.

"ரெண்டும் வேறவேற தண்ணியாண்ணே?"

"ஒரே தண்ணிதாம்மா" என்றார் ஏகாம்பரம். "ஒரே வண்டியிலதான் வந்துச்சு."

"அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டு கேனு?"

"கலந்துடக் கூடாதுல்ல."

மனிதர் எந்தக் கேடும் நினைக்கவில்லை. காலுக்குச் செருப்பு என்பதுபோல, கதவுக்குத் தாழ் என்பதுபோலச் சொல்லிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

மாதக் கடைசி நாளின் காலை பத்து மணிக்கு, கூடத்தில் ஐம்பதுபேர் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தோல் கொடுக்க வந்தவர்கள்; அன்று முகாம் இல்லாததால் காலனிக்காரரும் அங்கேயே வந்திருந்தார்கள். சிலர் அட்டையை ஒப்படைக்க வந்தவர்கள். தேசம்மாள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரோரம் முதல் ஆளாக அமர்ந்திருந்தாள். ஆண்டுதோறும் அந்த நாள்தான் நிலையத் தலைவருக்கும் சோதனை நாள். அதிகாரியும் குடிமகனே என்று மக்களுக்குக் காட்ட, கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் தோல் கொடுப்பது டாக்டர் கோவர்த்தனனின் வழக்கம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, புன்னகையோடு வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

மேசையில் ஒரே தாங்கியில் இருநூறு குப்பிகள் நின்றன. ஒன்றிலும் ஸ்டிக்கர் இல்லை.

"பச்சை எங்கே?" என்றார்.

"எடுத்துட்டேன் சார். மஞ்சளையும் எடுத்துட்டேன்."

"சரி, எது பச்சைக் குப்பின்னு பார்த்து அதை எடுங்க."

"தெரியலைங்க சார். நேத்து பகல்ல ரெண்டு கேன் தண்ணியையும் ஒண்ணா ஊத்தி, எல்லாக் குப்பியையும் ஒரே தொட்டியில போட்டு அலசினேன். நீராவியில அரைமணி நேரம் அவிச்சேன். ஏகாம்பரண்ணன் கூடத்தான் இருந்தாரு. எது எங்க இருந்து வந்ததுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார்.

டாக்டரின் கை, மடித்த சட்டைக் கையின்மேல் தானாகப் போய் அமர்ந்தது. "புதுக் குப்பி வரட்டும். அதுவரைக்கும் தள்ளி வெச்சுக்கலாம்."

"ஏன் சார்? உப்பு இருக்கும்னு பாக்குறீங்களா? வெறும் பொன்நீர ஊத்திக் காட்டட்டுமா?" ஒரு குப்பியை எடுத்தாள், ஊற்றினாள். மாணிக்கம்போலச் சிவந்து நின்றது. இன்னொன்று. அதுவும் சிவப்பு. "எந்தக் குப்பிய வேணும்னாலும் நீங்களே தொட்டுக் காட்டுங்க சார்."

அவர் எதையும் தொடவில்லை. "தூய்மையைப் பத்தி நான் சந்தேகப்படல. இது ஒரு... சுகாதாரம்."

"சமத் தூய்மைன்னு நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டீங்க."

"போட்டேன். இல்லேன்னு சொல்லல." குரல் தாழ்ந்தது. "என் மாதிரியை மட்டும் தனியா எடுங்களேன்."

தனியா. அந்தச் சொல் கூடம் முழுவதும் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். காது மடல் சிவந்தது. அறிவு ஒன்று சொல்லிற்று, கை வேறொன்று செய்தது. அந்தக் கை அவருடையதாக இருந்தும் அவர் சொல்லுக்கு அது அடங்கவில்லை. எழுந்து தம் அறைக்குப் போனார், கதவைச் சாத்திக்கொண்டார்.

கயற்கொடி மற்றவர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். ஊர்க்காரர், காலனிக்காரர் என்ற வேற்றுமையின்றி, கைக்கு வந்த குப்பியில் தோல் விழுந்தது. சிலர் முகம் சுளித்தார்கள்; ஒருவர் முணுமுணுத்தார். ஆனால் ஒரு மணிக்குள் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொடுத்தார்கள். பெரும்பாலும் சிவப்பு நின்றது.

சுவர்க்கடிகாரம் ஒன்றைக் காட்டியது. அறைக் கதவு திறக்கவில்லை.

அவள் பதிவேட்டைத் திறந்தாள். கோவர்த்தனன் என்ற பெயருக்கு நேரே, ஆறு ஆண்டுகளாகப் பழகிய அதே தெளிவான எழுத்தில், நீலம் என்று எழுதினாள். பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசைமேல் விரித்து வைத்தாள்.

அவர் படித்தார். முகத்தில் முதலில் கோபம் வந்தது. அது நிலைக்க இடமின்றிப் போய்விட்டது.

"மறுப்பவர் பெயருக்கு நேரே..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினார். "இதை மாத்துங்க, கயற்கொடி."

"எழுதினத மாத்த சட்டத்துல வழி இல்ல சார். நீங்க சொன்னதுதான். தேடுங்க. கெடச்சா எல்லாருக்குமா கெடைக்கட்டும்."

வெளியே வந்து அக்காளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால்மணி நேரத்துக்குப் பின் அறைக்குள்ளிருந்து தொலைபேசிக் குரல் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு அவசரமாக, பிறகு மன்றாட்டாக: "ஒரு வழி இருந்தாகணும் சார்... மறுசோதனைக்குன்னு ஒரு விதி... எனக்கு மட்டும்னு கேட்கல, அப்படிக் கேட்டா நிக்காது... ஆமா, எல்லா நீலத்துக்கும். எல்லாத்துக்கும்தான் சார். குப்பிமேலயே தப்பு இருக்குன்னு நானே எழுதித் தர்றேன்."

தேசம்மாள் அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். ஒப்படைக்கும் பெட்டி எதிரே திறந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அறைக் கதவைப் பார்த்தாள். அட்டையை முந்தானையில் வைத்து இறுக்கி முடிந்தாள்.

"இத்தினி வருசமா நாம குடிச்ச தண்ணி கயலு" என்றாள். "இப்பதான் அவுருக்கு கரிக்குது."